வாய் கட்டிய துறவிகளும் என் சேவலும்

மலையடிவாரத்துக் காரவள்ளியில், மேலே போகும் பஸ்ஸுக்காக நிற்கிறேன். மகன் பிழைத்ததற்குப் மலைமேல் பெரியசாமி கோயிலில் பலி கொடுக்க நேர்ந்துகொண்ட சேவல் என் கையில் இருக்கிறது. வாயை வெள்ளைத் துணியால் மூடிய இரண்டு பெண் துறவிகள் வெறுங்காலில் வந்து நின்று, சேவலையே பார்க்கிறார்கள். முகத்தை மறைத்தவர்களை எப்படி நம்புவது?

"ஏனுங்க அக்கா, எதுக்கு இந்த வேஷம்?" என்று டீக்கடைக்கார அம்மாவைக் கேட்கிறேன்.

"வேஷமில்லீங்க, சமணச் சாமிங்க. பேசற மூச்சுல பூச்சி பொட்டு சாகக்கூடாதுன்னு கட்டியிருக்காங்க. நான் குடுத்த கிழங்கக்கூட வேண்டாம்னுட்டாங்க. தோண்டறப்ப புழு சாவுதாமா."

"அப்ப சேவல விட்டுறச் சொல்லத்தான் பாக்கறாங்களா?"

"கேட்டுத்தான் பாருங்களேன்."

கேட்கவில்லை. கேட்டால் விட்டுவிடு என்று சொல்லிவிடுவார்கள். சாமிக்குக் கொடுத்த வாக்கு என்னாவது? துண்டை எடுத்துச் சேவலின் முகத்தை மூடிக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.