அடித்தொட்டியின் மூடி

கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். இது நடந்தது. போன ஜூலையில், ஷார்ஜா கடலோரத்தில் ஒரு கப்பல் பட்டறையில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றாலே கிண்டல் செய்கிற உடையப்பனுக்கு நடந்தது. இன்றைக்கு சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப் ரூமில் சோற்றுத் தட்டைப் பார்த்தாலே அவனுக்குக் குமட்டுகிறது. பயம்கூட இறங்கிவிட்டது, அருவருப்புதான் இறங்கவில்லை.

பட்டறைக்கு ஒரு பழைய இரும்புப் படகு வந்திருந்தது. முன்பக்கம் கதவுபோலத் திறந்து வண்டிகளைக் கரையில் இறக்குமே, அந்த வகை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாட்டில் அண்ணன் தம்பி அடித்துக்கொண்ட போரில் ஓடியது. நாட்டின் பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்களும் கேம்ப்பில் இருக்கிறார்கள். முதலில் துறைமுகச் சாலையில் சண்டை, பிறகு கடலில் சண்டை. குண்டு துளைத்த இடங்களில் தகடு வைத்து ஒட்டியிருந்தார்கள். மலிவாகக் கிடைத்தது என்று ஒரு புண்ணியவான் வாங்கிவிட்டான். மேலே ஆடு ஏற்றுவானாம். அடித்தொட்டியில் குடிதண்ணீர் நிரப்புவானாம்.

அந்தத் தொட்டியை நான்கு பேர் மூன்று நாள் சுரண்டினார்கள். உள்ளே கறுப்புக் களி. டீசல் நாற்றத்துக்கு அடியில் இன்னொரு நாற்றம்... கறிக்கடைக் கழிவை வெயிலில் மூடி வைத்த மாதிரி. எத்தனை சோப்பு போட்டும் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை.

உடையப்பனுக்குத் தொட்டி வாசலில் காவல் டியூட்டி. உள்ளே இறங்குகிறவன் தன் டோக்கனைப் பலகையில் மாட்டுவான், ஏறியதும் எடுத்துக்கொள்வான். மூடி போடும் முன் காவல்காரன் சுத்தியலால் மூன்று முறை தட்ட வேண்டும். உள்ளே எவனாவது இருந்தால் பதிலுக்குத் தட்டுவான். பதில் வந்தால் மூடக்கூடாது. மூடியபின் காற்றடித்துச் சோதிப்பார்கள். அதில் மாட்டினால் ஆள் பிழைக்காது.

பகல் 12.11. நான்கு பேரும் ஏறிவிட்டார்கள். பலகை காலி. கோடைக்காலச் சட்டப்படி பன்னிரண்டரைக்கு வெயில் வேலை நிற்க வேண்டும். அதற்குள் மூடு என்று ஃபோர்மேன் கௌஸ் முகம்மது குதித்தார்.

உடையப்பன் தட்டினான். டங். டங். டங்.

12.13. பதில் வந்தது.

தொம்... தொம்... தொம்...

இரும்பில் இரும்பு படுகிற சத்தம் இல்லை.

"பாய், உள்ள ஆளு இருக்கு."

"நாலு பேரும் மெஸ் வாசல்ல நிக்கிறானுங்க. கண்ணு தெரியலையா?"

எட்டிப் பார்த்தான். நான்கு பேரும் நின்றார்கள். இருந்தும் மனசு கேட்கவில்லை, இறங்கினான்.

டார்ச் அடித்தான். மூலைக்கு மூலை அடித்தான். யாரும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது. சுவரில் கை ஊன்றினான்... பிசுபிசுத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்தான். அதே கறிக்கடை நாற்றம்.

தொம்.

பக்கத்திலேயே.

அவன் இடுப்புக்கும் கீழே.

ஏணியில் எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. மேல்தட்டில் வாந்தி எடுத்தான். மணி 12.19.

"நான் மூட மாட்டேன் பாய்."

"மூணு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. மூடலைன்னா நாளைக்கே உனக்கு ஊருக்கு டிக்கெட். யல்லா, சீக்கிரம்!"

மூடினான். த்தூ! ஆள் இருக்கிறது என்று தன் காதே சொல்லியும் மூடினான். என்ன பிழைப்பு இது?

முதல் நட்டு. தொம்.

இரண்டாவது. தொம். தொம்.

கடைசி நட்டுக்கு வரும்போது உள்ளே வேகம் கூடியது... தொம்தொம்தொம்தொம்...

முறுக்கினான்.

12.28. காற்று ஏறியது. சத்தம் நின்றது.

மூன்று வாரம் கழித்து, படகை ஓட்டிப்போக அதன் பழைய இன்ஜின்காரர் வந்தார். கஃப்டீரியாவில் உடையப்பனுக்கு எதிரே உட்கார்ந்து சாண்ட்விச் தின்றார். பேச்சு வாக்கில் இவன் தொட்டியில் கேட்ட சத்தத்தைச் சொன்னான். அவர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு கல்ஃப் இந்தியில் மெதுவாகச் சொன்னார்.

"போர் ஆரம்பத்தில் சாலைச் சண்டையில் பதினாலு பேரைப் பிடித்தோம். அந்தத் தொட்டியில் அடைத்துக் கொண்டுபோனோம். நடுக்கடலில் எதிரிப் படகுகள் சுட்டன. அலை மேல்தட்டில் ஏறியது. தொட்டிக்குள் தண்ணீர் போனால் படகு மூழ்கும், மூடு என்றார் கேப்டன். நான்தான் மூடினேன். கரை சேர ஒன்றரை நாள் ஆனது. கலாஸ், எல்லாரும் முடிந்துபோனார்கள்."

"தட்டுனாங்களா?"

"ராத்திரி முழுக்க."

"எதால தட்டுனாங்க? உள்ள சுத்தியல் இருந்துச்சா?"

இன்ஜின்காரர் சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றித் தள்ளி வைத்தார்.

"ஒன்றும் இல்லை. மண்டியிட வைத்து, கையைப் பின்னால் கட்டியிருந்தோம் பாய்... தலையால்தான் தட்டினார்கள்."