புளியமரத்துக்கு மஞ்சத்துணி

வூட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கி வைக்கல. உட்காரவே முடியல, அதான் டைப் பண்றேன்.

காலையில சிறுசேரி ஆபீஸ் பஸ்ல, பக்கத்து சீட் சேகர்கிட்ட நெட்ல படிச்சதைச் சொன்னேன். உலகத்துலயே ரொம்ப வயசான மரங்கள்ல ஒண்ணு, அமெரிக்க மலையில நிக்கிற பைன் மரமாம். நாலாயிரம் வருஷத்துக்கும் மேல. "எந்த மரம்னு வெளியே சொல்லவே மாட்டாங்களாம். ஜனங்க போய் ஒடிச்சிடுவாங்கன்னு பயம்."

சேகர் சிரிச்சான். "நம்ம டெக்னிக்கே வேற மச்சான்."

அவன் ஸ்டாப்புல இருக்கிற புளியமரத்தைச் சொல்றான். ரோட்டை அகலமாக்க, வெட்டுறதுக்கு நம்பர் போட்டிருந்தாங்க. போன மாசம் இவன் அதுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, மஞ்சத்துணி கட்டிட்டான். வெட்ட வந்தவங்க கன்னத்துல போட்டுக்கினு திரும்பிப் போயிட்டாங்க.

சாயங்காலம் அதைப் பார்க்கவே அவனோட இறங்கினேன்.

வேரைச் சுத்தி சிமென்ட் மேடை, மேல டைல்ஸ். கீழ்க்கிளை ரெண்டையும் காணோம்.

"இன்னா அண்ணாத்த, காலையில இருந்த கிளை எங்க?" சேகர் பதறிட்டான்.

மேடையைக் கழுவிக்கினு இருந்தவர் சந்தோஷமா சொன்னார்: "சாமிக்கு மேல தகர ஷீட் போடணும், கிளை இடிச்சிக்கினு கீது. ஞாயித்துக்கிழமை மிச்ச மரத்தையும் எடுத்துட்டா மண்டபமே கட்டிடலாம்."



தெரிஞ்சவங்க சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. ரோட்டுக்காரங்ககிட்ட இருந்து காப்பாத்த மஞ்சத்துணி போதும். சாமிகிட்ட இருந்து காப்பாத்த எந்தக் கலர் துணி கட்டணும்?