பாலில் நான் தேடிய நோய்

முதலில் வலித்தது இடது முழங்காலுக்குச் சற்று மேலே. யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையிலிருந்து எழும்போது மட்டும் வலிக்கும். அவளுக்கு அப்போது பத்து மாதம். பிள்ளை பெற்ற உடம்பு, சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கும் என்றார்கள். நானும் நம்பினேன். மாத்திரையும் கேழ்வரகுக் கூழுமாக மூன்று மாதம் போயிற்று. பிறகு வீக்கம் வந்தது. படுத்திருக்கும்போதும் வலித்தது.

திருச்சியில் எக்ஸ்ரே, ஸ்கேன், கடைசியில் பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் செய்யும் சோதனை). முடிவு, ஆஸ்டியோசார்கோமா (எலும்பை உண்டாக்கும் உயிரணுக்களில் தோன்றும் புற்றுநோய்). நுரையீரலுக்குப் பரவவில்லை. முதலில் கீமோ (புற்றணுக்களை அழிக்கும் மருந்து), பிறகு அறுவை, மறுபடி கீமோ என்று டாக்டர் சொன்னார். எப்போது தொடங்குவது என்று பேச, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

அந்தப் பத்து நாளில் நான் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கையில் குழந்தையும் பையில் பயாப்ஸி முடிவுமாக இருப்பவர்கள் வாசிக்கக்கூடும்.

என் கணவர் செந்தில் கைலாசபுரத்தில் தொழிற்சாலை வெல்டர். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. அவர் வேலைக்குக் கிளம்பியதும் நான் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தவள் நான். கட்டுரைகளை வாசிக்க முடியும். எதை எவ்வளவு நம்புவது என்று தெரியாது.

புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமப்பது ஆர்.என்.ஏ. என்று படித்திருந்தேன். புரதத்துக்கான குறிப்பே இல்லாத ஆர்.என்.ஏ.க்களும் ஏராளம் உண்டு. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைப்பவை அவற்றில் பல. எலும்புப் புற்றில் அவற்றின் அளவு தடுமாறுகிறது. வளர்ச்சியை அடக்க வேண்டியவை குறைகின்றன, தூண்டுபவை மிகுகின்றன. கட்டி வளரவும் நுரையீரலுக்குப் பரவவும் அது துணை செய்கிறது. அவற்றில் மிகச் சிறியவையான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள், எக்ஸோசோம் (உயிரணு வெளியிடும் நுண்குமிழ்) என்பதில் ஏறி வேறு இடங்களுக்கும் போகும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொரு பக்கத்தில், தாய்ப்பாலிலும் எக்ஸோசோம்கள் உண்டு, அவற்றிலும் மைக்ரோ ஆர்.என்.ஏ. உண்டு என்று இருந்தது.

யாழினி என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து பிடுங்கினேன்.

அன்றே மார்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டேன். ஒருமுறை வாய் வைத்தவள் முகம் கோணி, என்னைப் பார்த்து அழுதாள். "டாக்டர் இப்பவே பால நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்று செந்திலிடம் பொய் சொன்னேன். பால் கட்டி வலித்தபோது குளியலறையில் பீய்ச்சிக் கொட்டினேன்.

எங்களுக்கு உதவ, துறையூரிலிருந்து நாத்தனார் மீனா வந்திருந்தாள். "அண்ணி, உங்க பொண்ணு என் துப்பட்டாவச் சப்பிக்கிட்டே திரியுறா. நான் வெறும் அத்தைடி, எங்கிட்ட ஒண்ணும் கிடையாதுன்னா கேக்க மாட்டேங்குறா" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பத்தாம் நாள் வியாழக்கிழமை. திங்கள்கிழமை கீமோ தொடங்கலாம் என்றார் டாக்டர். "ஞாயித்துக்கிழமையோட பால நிறுத்திடுங்க. மருந்து பால்ல இறங்கும்."

செந்தில் என்னைப் பார்த்தார். "நீங்க அப்பவே நிறுத்தச் சொன்னதா இவ சொன்னாளே டாக்டர்?"

"நான் எப்போ சொன்னேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. படித்தது, பயந்தது, வேப்பெண்ணெய் எல்லாவற்றையும் சொன்னேன். "நானே அவளுக்கு நோயக் குடுத்துட்டனா டாக்டர்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "ரெண்டு கட்டுரை படிச்சீங்க. தனித்தனியா ரெண்டும் சரிதான். நடுவுல ஒரு பாலம் போட்டீங்க பாருங்க, அதுதான் இல்லாத பாலம். மைக்ரோ ஆர்.என்.ஏ. நம்ம எல்லார் உடம்புலயும் இருக்கு, எல்லாத் தாய்ப்பால்லயும் இருக்கு. அது நோய்க்கிருமி இல்ல. உங்க பால் குடிச்சதால பாப்பாவுக்கு இந்த நோய் வரும்னு நினைக்க எந்தக் காரணமும் இல்ல."

பிறகு, "அடுத்த தடவை படிச்சதும் எனக்குப் போன் பண்ணுங்க. குழந்தை குடிக்கிற இடத்துல வேப்பெண்ணெய் தடவாதீங்க" என்றார். செந்தில் சிரித்துவிட்டார். ஆட்டோவில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை என் கையை விடவில்லை. "இத எங்கிட்ட சொல்லியிருந்தா, எனக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது. ஆனா கூட உக்காந்திருப்பேன்ல?" என்றார்.

இந்த ஆர்.என்.ஏ.க்களை இரத்தத்தில் அளந்து நோயின் போக்கை அறியலாமா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். என் சிகிச்சையில் அதற்கு இடம் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு யாழினியை மடியில் போட்டேன். முகர்ந்து பார்த்து "ச்சீ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெள்ளிக்கிழமையும் அப்படியே. "விடுங்க அண்ணி, மகாராணிக்குக் கோவம்" என்றாள் மீனா. சனிக்கிழமை மத்தியானம் தூக்கக் கலக்கத்தில் அவளாகவே தேடி வந்து குடித்தாள். மீனா சத்தமில்லாமல் கால்விரல் நுனியில் நடந்து வெளியே போனாள்.

ஞாயிறு மாலை கொடுத்ததுதான் கடைசி. கடைசி என்று அவளுக்குத் தெரியாது. வழக்கம்போலப் பாதியில் விட்டுவிட்டு, வாசலுக்கு வந்த பூனையைப் பார்க்க ஓடினாள்.

பிறகு முடி கொட்டியது, வாய் புண்ணானது, அறுவையில் தொடை எலும்பின் கீழ்ப்பகுதியும் மூட்டும் போய் உலோகம் வந்தது. அதையெல்லாம் மற்றவர்கள் நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

இப்போது என் நாட்காட்டியில் மிக நீண்ட காலம் என்பது மூன்று மாதம், ஒரு நுரையீரல் ஸ்கேனிலிருந்து அடுத்ததுவரை. அதற்கு மேல் திட்டமிடப் பழகவில்லை. தரையில் சம்மணமிட முடியாது. யாழினியே நாற்காலியில் ஏறி மடிக்கு வருகிறாள்.

டாக்டர் சொன்னதை நம்புகிறேன். ஆனாலும் குளிப்பாட்டும்போது அவள் முழங்கால்களைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவளுக்கு இது விளையாட்டு. நான் கேட்குமுன்னே இரண்டு காலையும் நீட்டிவிடுவாள். நான் பார்த்து முடித்ததும், "இப்ப அம்மா" என்று என் நைட்டியை விலக்கித் தழும்பின் மேல் விரலை மெல்ல ஓட்டுவாள். அங்கே எனக்கு உணர்ச்சி கிடையாது. அவள் தொடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். மேலிருந்து கீழ்வரை ஓட்டி முடிக்க வெகுநேரம் எடுக்கிறாள். ஈரத் துண்டோடு நான் காத்திருக்கிறேன்.