மொட்டைமாடியில் உப்புக்கண்டம்

விவசாயியிடம் நேரடியாக வாங்குவது இப்போது பெரிய நாகரிகம். தில்லைநகரில் இருக்கும் என் தோழி நாட்டுக்கோழி முட்டையை அப்படி வாங்கி, முட்டைக் கூடையோடு நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கிறாள். நாங்களும் விவசாயியிடம் நேரடியாகத்தான் வாங்கினோம். போட்டோ மட்டும் எடுக்கவில்லை. நாங்கள் வாங்கியது மாட்டுக்கறி.

என் கணவருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அங்கே சில குடும்பங்கள் சேர்ந்து, மணப்பாறைப் பக்கம் எருமைக் கிடா வளர்க்கும் ஒருவரிடம் மொத்தமாகச் சொல்லிவைப்போம். அவர் முறைப்படி வெட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் லோடு ஆட்டோவில் கொண்டுவந்து குவார்ட்டர்ஸில் இறக்குவார். வாழையிலை விரித்துக் கூறு போடுவோம். ஈரல், எலும்பு, கொழுப்பு எல்லாம் எல்லாக் கூறிலும் விழ வேண்டும். பிறகு ஒருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பார். திரும்பி நிற்பவர் வாயில் எந்தப் பெயர் வருகிறதோ, கூறு அவருக்கு. கோர்ட்டில்கூட அப்பீல் உண்டு, இதில் கிடையாது.

காட்டூரில் எங்கள் வீட்டு ஓனருக்கும் இதே பழக்கம்தான், வெள்ளாட்டில். லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம், இப்போது அரிசி வியாபாரம். தீபாவளிக்குத் தீபாவளி கிடா வாங்கித் தெருவுக்கே பங்கு போடுவார். முதுகைத் திருப்பி நிற்கும் பதவி அவருடையது. "மாடி வீட்டுக்கு" என்று அவர் குரல் கொடுத்தால் எங்கள் பங்கு தூக்குவாளியில் மேலே வரும்.

மாடிக்குக் குடிவந்த அன்று, சாவியைக் கொடுக்கும் முன் அவர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி. கறி சாப்பிடுவீங்கள்ல? சாப்பிடுவோம் என்றதும் முகம் மலர்ந்துபோயிற்று. உடனே தன் ஸ்ரீரங்கத்துக் கதையை எடுத்துவிட்டார். கல்யாணமான புதிதில் அங்கே குடியிருந்தாராம். ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு வைத்ததில் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாராம். அந்த வீட்டுக்காரரை நடித்துக் காட்டுவதில் எங்கள் ஓனர் கெட்டிக்காரர். தோளில் துண்டைச் சரிசெய்வார், கண்ணைத் தரையில் வைத்துக்கொள்வார், குரலைக் குழைப்பார்.

"எனக்கு ஆட்சேபம் ஒண்ணும் இல்லை. ஆத்துல பெருமாள் இருக்கார், பாருங்கோ."

அதற்கு இவர் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டாராம்: "நீங்க வாடகைக்கு விட்டது மனுஷனுக்கா, அடுப்புல இருக்கிற சட்டிக்கா?"

கதை எப்போதும் அங்கேதான் முடியும். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொல்வார். எங்களுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் சிரித்தோம். இப்படி ஒரு ஓனர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நான் மனதார நினைத்தேன். பெண் பிளஸ் டூ. பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். பரீட்சை முடியும்வரை இந்த வீட்டை விட்டு நகரக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு வேண்டுதல்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் கூறு வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்தது. ஃப்ரிட்ஜில் இடமில்லை. மிஞ்சியதைக் கீற்றுக் கீற்றாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசறி, நூலில் கோத்து மொட்டைமாடியில் கட்டினேன். காக்காய்க்குப் பயந்து பழைய கொசுவலையைப் போர்த்தினேன். தண்ணித் தொட்டியைப் பார்க்க ஓனர் மேலே வருவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வந்தார். வலைக்குள் பார்த்தார். பார்த்ததும் மனிதருக்கு நாக்கில் எச்சில்.

"அட, உப்புக்கண்டம். கெடா எங்க புடிச்சீங்க?" என்றபடி வலைக்குள் கையை விட்டார். வறுத்ததும் ஒரு கிண்ணம் கீழே அனுப்பச் சொன்னார்.

ஆமாம், கிடாதான் என்று சொல்லியிருக்கலாம். எருமைக் கிடாவும் கிடாதானே. ஆனால் ஒருவர் வாயில் போகப்போவதைப் பெயர் மாற்றிச் சொல்வது என் குணத்துக்கு ஒத்துவராது.

"ஆடு இல்லிங்க. பெரிய கறி" என்றேன்.

கை அப்படியே நின்றது. பிறகு வெளியே வந்து வேட்டியில் துடைத்துக்கொண்டது. அப்புறம் தோளில் துண்டைச் சரிசெய்தார். கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டார். குரல் குழைந்தது. வரப்போவது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்லிங்க. வீட்டுல சாமி படம் இருக்கு, பாருங்க."

இந்த முறை அவர் நடிக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பூஜை அறையை நான் பார்த்திருக்கிறேன். அதில் எருமை இருக்கிற படம் ஒன்றும் இல்லை. இருக்க வேண்டுமென்றால் எமன் படம்தான் மாட்ட வேண்டும். பெண்ணுக்குப் பரீட்சை நெருங்குகிறது என்றேன். தலையை ஆட்டினார். இந்த மாசக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார். தீபாவளிப் பங்கில் அந்த நாலு பேரும் உண்டு.

அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "நீங்க வாடகைக்கு விட்டது மனுஷனுக்கா, அடுப்புல இருக்கிற சட்டிக்கா?"

வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபமாவது வரும் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வந்ததோ பழைய வருத்தம். கூடப் பிறந்தவளிடம் மனசு விட்டுப் பேசுகிறவர் மாதிரி சொன்னார்:

"நானும் இதையேதாங்க கேட்டேன். காலி பண்ணத்தான் சொன்னாங்க."

மாதம் முடியும் முன் எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீடு பார்த்துப் போனோம். பெண் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பரீட்சை எழுதினாள்.