சரி என்றேன், சரிதான் ஊட்டினேன்

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். எழுதுவது அதைவிட மெதுவாக வரும். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தடவை என் நாத்தனாரை நினைத்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. அவளை நினைக்கிறபோதெல்லாம் எனக்குக் கோபம் புதிதாக வரும். இத்தனை வயதுக்கு அதுவும் உடம்புக்கு நல்லதுதான்.

நான் பிறந்தது கொள்ளேகாலத்துக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில். அப்போது அது கோயமுத்தூர் ஜில்லா. காவேரியைத் தாண்டினால் மகாராஜா சீமை. என்னைக் கட்டிக்கொடுத்தது அந்தச் சீமையின் தலைநகரில், மைசூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த தெருவில். என் வீட்டுக்காரருக்கு ரயிலில் கார்டு வேலை. கொடியும் விளக்கும் எடுத்துக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று ரயிலுக்கே தெரியாது. வீட்டை ஆண்டது அவருடைய அக்கா. சின்ன வயதில் தாலி இழந்து தம்பியை வளர்த்தவள். அவள் கிழித்த கோட்டை அவர் தாண்டியதில்லை.

வந்த அன்று அவளை "நங்கையா" என்று கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் புருஷனுடைய அக்காவுக்கு அதுதான் மரியாதை.

"அந்தக் காட்டுப் பேச்செல்லாம் ஆத்துக்கு அந்தாண்டையே விட்டுட்டு வா. அண்ணின்னு கூப்பிடு" என்றாள்.

"சரி அண்ணி" என்றேன்.

அந்த வீட்டில் நான் சொன்ன முதல் பதில் அந்தச் 'சரி'. அந்த ஒரு வார்த்தையை வைத்தே பிறகு அவளைக் கவிழ்த்தேன் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

அண்ணிக்கு ராகி ஆகாது. உடம்புக்கு இல்லை, கௌரவத்துக்கு. ராகி தின்கிறவர்கள் வண்டிக்காரர்கள், மண் சுமக்கிறவர்கள், அப்புறம் நான். ஏதாவது பாத்திரம் கை தவறி விழுந்தால், "களி தின்ன கை, பிடி எப்படி நிக்கும்?" என்பாள். அடுப்பு புகைந்தாலும் களிதான். மழை பெய்யாவிட்டாலும் களிதான் என்று நினைக்கிறேன்.

என் மூத்த பெண்ணுக்கு ஆறு மாதம் முடிந்ததும் சோறூட்ட நாள் பார்த்தார்கள். முதல் வாய் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் ஊட்ட வேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம், புருஷன் வீட்டாருக்கும் தெரிந்ததுதான். என் அண்ணன் சொன்ன நாளுக்கு வந்தான். சந்தைக்கடையிலிருந்து ஜட்கா பிடித்து, ஒரு மூட்டை ராகியோடு வாசலில் இறங்கினான். புது வேட்டி, தோளில் துண்டு, முழங்கால் வரை செம்புழுதி.

"கும்பிடறனுங்க. கொழந்தைக்குன்னு கொண்டாந்தனுங்க. ஆத்தா அவ கையாலயே கல்லுப் பொறுக்கி வெச்சதுங்க" என்றான்.

அண்ணி நிலைப்படியில் நின்றாள். வழியை விடவில்லை. "வாங்க" என்றும் சொல்லவில்லை.

"முதல் வாய் காலையிலேயே ஊட்டியாச்சு. நல்ல நேரம் உங்களுக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்? வெள்ளிக் கரண்டியில டப்பா மாவு ஊட்டினேன். வெள்ளக்காரன் குழந்தை சாப்பிடற மாவு" என்றாள். பிறகு மூட்டையைக் காலால் தொட்டாள். கையால் இல்லை, காலால். "இதை இங்க யாரு தின்னுவா? ஏம்பா ஜட்கா, உன் குதிரை தின்னுமா?"

ஜட்காக்காரர் அதே தெருக்கோடியில் இருந்தவர். நல்ல மனிதர். "வேணாம்மா, அதுக்குக் கொள்ளு போட்டாச்சு" என்றார். அண்ணி கேட்கவில்லை. உள்ளே போய் முறத்தை எடுத்து வந்து, மூட்டையை அவிழ்த்து, ஒரு முறம் ராகியை அள்ளிக் குதிரைக்கு முன்னால் மண்ணில் கொட்டினாள். குதிரை இரண்டு வாய் தின்றது. மிச்சத்தை மூட்டையோடு எடுத்துப் போகும்படி ஜட்காக்காரரிடம் சொல்லிவிட்டாள்.

என் அண்ணன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான், மறுபடி தோளில் போட்டான். பிள்ளையை நான் வாசலுக்குத் தூக்கி வந்து காட்டினேன். அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வரட்டுமா அம்மிணி" என்றான். ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போனான். போகும்போது என்னிடம் மட்டும், "இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் கண்ணு, கோவிச்சுக்காதே" என்றான்.

நான் அழவில்லை. அன்றைக்கு எனக்குள் ஒன்று தீர்மானமானது. அவன் மூட்டை அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அண்ணி கூப்பிட்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் எனக்கு மற்றதெல்லாம்.

டப்பா மாவு என்றாளே, அது தகர டப்பா. மேலே ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கன்னம் உப்பிச் சிரிக்கும். எப்படிக் கரைப்பது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அது அண்ணிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும், வித்தியாசம் அவ்வளவுதான். நிறையப் போட்டால் நிறையச் சதை பிடிக்கும் என்று அண்ணி பசை மாதிரிக் கரைத்தாள். தண்ணீரும் அதிகம் காட்டமாட்டாள். பிள்ளைக்கு வயிறு கல்லாகிவிட்டது. முக்கி முக்கி அழும். முகம் சிவந்து, அப்புறம் வெளுத்து, கரண்டியைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்ளும். ஊட்டுகிற வேலையை அண்ணி என்னிடம் தள்ளிவிட்டாள்.

"உன் பால் சரியில்ல. களி தின்ன உடம்புல பால் எப்படி ஊறும்? நிறுத்திட்டு மாவையே இன்னும் ஒரு வேளை சேர்த்துக் குடு" என்றாள் அண்ணி.

"சரி அண்ணி."

எங்கள் வீட்டுக்கும் இன்னும் மூன்று குடித்தனத்துக்கும் ஒரே முற்றம். எதிர்க் குடித்தனத்தில் ஒரு கன்னடத்தம்மா. புருஷனுக்கு அரண்மனைத் தோட்டத்தில் வேலை. அவள் என் பிள்ளையின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"மகூகெ சரி தின்ஸம்மா" என்றாள்.

எனக்கு அப்போது அரைகுறைக் கன்னடம். குழந்தைக்கு ஊட்டு என்பது புரிந்தது. "எது சரிங்க?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "சரி அந்த்ரெ சரி! ராகிச் சரி!" அவர்கள் பாஷையில் பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சும் ராகிக் கூழுக்குப் பெயரே சரி. அண்ணி எனக்கு மேலே கன்னடம் பேசுவாள். ஆனால் அது கடைத்தெருக் கன்னடம். ராகி காய்ச்சுகிற வீட்டுக்குள் அவள் காலை வைத்ததில்லை. அந்த வார்த்தை அவளுக்குத் தெரியாது.

ராகிக்கு எங்கே போவது என்றேன். கன்னடத்தம்மா தன் அரிசிப் பானைக்குப் பின்னால் காட்டினாள். என் அண்ணனுடைய மூட்டை. ஜட்காக்காரர் அன்று சாயங்காலமே கொண்டுவந்து போட்டுவிட்டாராம். "ஒரு தாய் பொறுக்கி வெச்ச தானியம், குதிரைக்குப் போட்டா எனக்குச் சோறு இறங்காது" என்றாராம்.

அவள் வீட்டில்தான் எல்லாம் நடந்தது. ராகியைக் கழுவி, ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி, வாசம் வரும்வரை வறுத்து, திருகையில் அரைத்தோம். பழைய மல் வேட்டியில் சலித்தோம். துணிக்குக் கீழே விழுகிற மாவு மட்டும் பிள்ளைக்கு. முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி இருக்கும். தண்ணீரில் கரைத்து, கட்டி விழாமல் கிளறி, பளபளவென்று வந்ததும் ஒரு சொட்டு நெய். முதல் நாள் என் விரலால் நாக்கில் தடவினேன். பிள்ளை யோசித்தாள். பிறகு என் விரலையே கடித்தாள். இரண்டாம் வாரம் வயிறு இளகி, அழுகை நின்று, கரண்டியைக் கண்டால் காலை உதைத்துக்கொண்டு வருவாள்.

இனி பிள்ளை தின்னாவிட்டாலும் டப்பா மாவு குறைய வேண்டும். அண்ணி தினமும் கரண்டியை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பாள். கொட்ட எனக்கு மனமில்லை, காசு கொடுத்து வாங்கின பொருள். அண்ணிக்குச் சாயங்காலம் பாலும் சர்க்கரையும் போட்டுக் கோதுமைக் கஞ்சி குடிக்கிற பழக்கம். கோதுமை மாவை எடுத்து வைத்துவிட்டு டப்பா மாவில் காய்ச்சினேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினாள். "இப்பத்தான்டி உன் கைக்கு ருசி வந்திருக்கு. நாளைக்கும் இதே மாதிரி காய்ச்சு."

"சரி அண்ணி."

நான் பொய் சொன்னதில்லை. இதைக் கேட்கிறவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை. "குழந்தைக்கு என்னடி குடுத்தே?" என்று கேட்பாள்.

"சரி அண்ணி."

"நான் என்ன கேக்கறேன், நீ என்ன சொல்றே? காதுல என்ன, களியா அடைச்சிருக்கு? என்ன ஊட்டினே?"

"சரி அண்ணி."

தலையில் அடித்துக்கொண்டு முற்றத்துக்குப் போவாள். "எதைக் கேட்டாலும் சரி, சரி! மண்ணாந்தையைக் கட்டிக்கிட்டான் என் தம்பி" என்று கன்னடத்தம்மாவிடமே முறையிடுவாள். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடுவாள்.

பிள்ளை தேறினாள். அண்ணியும் தேறினாள். கையில் கிடந்த ஒற்றைத் தங்கக் காப்பு கழலவில்லை. தையல்காரன் ரவிக்கைக்கு இரண்டு தடவை தையல் பிரித்துக் கொடுத்தான். "பிள்ளை வந்த வேளை, எனக்கும் உடம்பு ஒட்டுது" என்று அவளே சொல்லிக்கொண்டாள். நான் மேலே ஒரு கரண்டி சேர்த்துப் போட்டேன்.

தசரா வந்தது. ஊரெல்லாம் விளக்கு. வீட்டில் கொலு வைத்தோம். அண்ணி என்ன செய்தாள் தெரியுமா? ராஜா ராணி பொம்மைக்குப் பக்கத்தில் அந்த டப்பாவையும் படியில் வைத்தாள், குழந்தைப் படம் முன்னால் தெரியும்படி. வருகிறவர்களுக்கெல்லாம் நான் தாம்பூலம் கொடுக்கும் முன் அவள் டப்பாவைக் காட்டுவாள், பிறகு என் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள்.

ஒரு சாயங்காலம் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா வந்தாள். என் வீட்டுக்காரருக்கு எந்த ரயில், எந்த நாள் என்பதெல்லாம் அவள் புருஷன் கையில். அண்ணி பாய் விரித்த விரிப்பே வேறாக இருந்தது. முற்றத்துப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். அந்த அம்மாளுக்கு ஒரு கைக்குழந்தை, எலும்பும் தோலுமாக.

"நானும் இதே டப்பாதான் குடுக்கறேன். என் குழந்தைக்கு ஒட்டவே மாட்டேங்குது. உங்க குழந்தை மட்டும் எப்படி?" என்று அண்ணியைக் கேட்டாள்.

"எல்லாம் என் கைப்பக்குவம்" என்றாள் அண்ணி.

அந்த அம்மாள் விவரமானவள். என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. பெத்தவ நீ. என்ன ஊட்டறே?"

"சரிங்க" என்றேன்.

"பாத்தீங்களா? இதுதான், எதைக் கேட்டாலும் இதுதான்" என்று அண்ணி சிரித்தாள்.

நான் கொஞ்சம் நிறுத்தினேன். அவள் நன்றாகச் சிரித்து முடிக்கட்டும் என்று. பிறகு சொன்னேன்: "ராகிச் சரிங்க. எங்க ஊர் ராகி. எங்கண்ணன் கொண்டாந்தது."

கன்னடத்தம்மா அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் வெடித்துவிட்டது. அண்ணியின் முகம் அந்தப் பொம்மைகளில் ஒன்று மாதிரி ஆனது.

"ராகியா? என் வீட்டுலயா? அப்ப டப்பா மாவு எங்கடி போச்சு? மூணு டப்பா காலியாச்சே!"

"நீங்கதானே அண்ணி குடிச்சீங்க. தினம் சாயங்காலம். ருசியா இருக்குன்னு சொன்னீங்களே."

யாரோ ஒருத்தி டப்பாப் படத்தையும் அண்ணியின் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவ்வளவுதான். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள். அன்றிலிருந்து முற்றத்தில் அண்ணிக்குப் பெயர் டப்பாப் பாப்பா. அவள் இல்லாதபோதுதான் சொல்வார்கள். ஆனால் அவள் கேட்கிற தூரத்தில் சொல்வார்கள்.

ஆனாலும் நான் கேட்டது சிரிப்பை இல்லை. மூட்டையை.

அது தானாக வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா போகும்போது அண்ணியிடம், "எனக்கு அதே ராகி வேணும். அறுப்பு ஆனதும் வரவழைச்சுக் குடுங்க. மறந்துடாதீங்க" என்றாள். அண்ணி மறக்கவில்லை. தம்பியின் வேலை ஆயிற்றே. கார்த்திகை கழிந்ததும் ஒரு நாள் என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "உங்கண்ணனுக்குச் சொல்லி அனுப்பு."

"சரி அண்ணி" என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தாள்.

"நான் கூப்பிட்டா வராதுங்க. வாசல்ல வெச்சு அனுப்பினவங்க கூப்பிடணும்" என்றேன்.

என் வீட்டுக்காரர் அன்று வீட்டில் இருந்தார். அக்காவை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், கொடியைச் சுருட்ட ஆரம்பித்தார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வெல்லம் விற்க மைசூர் சந்தைக்கு வருவார். அவரை வரவழைத்து, அண்ணி தன் வாயாலேயே, "அவரை வரச் சொல்லுங்க, நான் கூப்பிட்டதாச் சொல்லுங்க" என்றாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

தை மாதம் என் அண்ணன் வந்தான். அதே ஜட்கா, அதே குதிரை. இரண்டு மூட்டை. வாசலில் நின்றான், ஏறவில்லை. முற்றத்துப் பெண்கள் எல்லாரும் ஏதோ வேலை இருப்பது போல வெளியே வந்தார்கள். அண்ணி நிலைப்படியில் நின்று, "வாங்க, உள்ள வாங்க" என்றாள்.

ஜட்காக்காரர் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கினார். அவர் வேண்டுமென்றுதான் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகம் பச்சைப் பிள்ளை மாதிரி இருந்தது.

"இதுவும் குதிரைக்காம்மா?"

அண்ணி தொண்டையைச் செருமினாள். "இல்லப்பா. குழந்தைக்கு" என்றாள், மெதுவாக.

பிள்ளை என் இடுப்பிலிருந்து மாமனிடம் தாவப் பார்த்தாள். நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

"சத்தமாச் சொல்லுங்க அண்ணி. எங்கண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தெருவே கேட்கும்படிச் சொன்னாள்: "குழந்தைக்குங்க! உள்ள கொண்டு வாங்க!"

அப்போதுதான் பிள்ளையை அவனிடம் கொடுத்தேன். என் அண்ணனுக்குக் காது நன்றாகவே கேட்கும்.