பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக்

கணவர் போனபிறகு பல மாதங்கள் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டேன், கையெழுத்துப் போடு என்றால் போட்டேன். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு என்னைத் தன்னோடு அழைத்துக்கொள்வது என்று பிரான்சில் இருக்கும் மகள் முடிவு செய்தாள். அதற்கும் தலையாட்டினேன். போக விருப்பமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். உள்ளேயிருந்து பதிலே வரவில்லை.

அங்கே கார் ஓட்டத் தெரியாமல் காலம் தள்ள முடியாதாம். முத்தியால்பேட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

முதல் நாளே நன்றாக ஓட்டினேன். மார்க்கெட் நெரிசலில்கூட வண்டி பதவிசாக நின்றது, பதவிசாகக் கிளம்பியது. கற்றுத்தர வந்தவனுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "சூப்பர் மேடம்" என்றான். எனக்கோ, வேறு யாரோ ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. ஒரு நாள் சிக்னலில் குனிந்து பார்த்தேன். அவன் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். என் கால் அழுத்துவதற்கு முன்பே அவன் கால் அழுத்திக்கொண்டிருந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டிலும் இதுதானே நடக்கிறது என்று பேசாமல் ஓட்டினேன்.

அரியாங்குப்பம் பாலத்தில் ஏறும்போது அவனுக்கு போன் வந்தது. பேச்சு மும்முரத்தில் காலை எடுத்துவிட்டான். முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. நான் பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன், கிளட்சை மறந்துவிட்டேன். வண்டி தூக்கிப்போட்டு அணைந்துபோனது. பின்னால் ஒரே ஹாரன். மீன்கூடையோடு ஆட்டோவில் இருந்த ஒரு அம்மா தலையை நீட்டி, "ரோடு இன்னா உங்க அப்பன் ஊட்டு சொத்தா?" என்று கத்தினாள்.

"சாரி மேடம், நான் பாத்துக்கறேன்" என்று அவன் மறுபடி காலை நீட்டினான்.

"கால எடுப்பா" என்றேன். "நிறுத்துனது நான்தான். நானே எடுக்கறேன்."

மறுபடியும் அணைந்தது. உடம்பெல்லாம் வேர்த்தது. அவமானமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. ஒருவழியாக வண்டி உறுமிக்கொண்டு பாலத்தைத் தாண்டியது.

அன்று சாயங்காலம் மகள் வீடியோ காலில் டிக்கெட் தேதியைச் சொன்னாள்.

"நான் வரலம்மா" என்றேன்.

"உனக்கு யாரும்மா இப்டி சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டாள்.

யாரும் இல்லை என்றேன். அவர் போனபிறகு அப்போதுதான் முதல் தடவையாக அழுதேன்.