ஈயம் காய்ச்சிய வீடு

ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் மாதமே என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். நான் படித்தது மைக்ராஸ்கோப் பார்க்க. ஆனால் குழந்தையில்லாத தம்பதிகள் வரும் கிளினிக்கில் டாக்டர் சீனர். அந்த மாடியில் தமிழ் பேச நான் ஒருவன்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பெருமையாகவே எழுந்து போனேன்.

உள்ளே மூன்று பேர். லாரி ஓட்டும் செல்வராஜ், அவர் மனைவி லெட்சுமி, நடுவில் செல்வராஜின் அம்மா. கல்யாணமாகி ஐந்து வருடம்.

"தம்பி, டாக்டர்கிட்ட சொல்லுங்க. இந்த வருஷமும் இல்லேன்னா இவள அப்பன் வீட்டுக்கு அனுப்பிட்டு வேற பொண்ணு பார்க்கப் போறோம்," என்றார் அம்மா.

"எனக்கு ஒரு குறையும் இல்லன்னு போன மாசமே சொல்லிட்டாங்க அத்தை," என்றார் லெட்சுமி.

"குறை இல்லாதவ மடியில புள்ளை இருக்கணும்லா?"

டாக்டர் செல்வராஜிடம் சின்ன வயதில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கச் சொன்னார்.

"கேலாங் பக்கம் கம்பத்துல, பழைய மலாய்க் குடிசைங்களுக்கு நடுவுல எங்க வீடு. அப்பா பழைய கார் பேட்டரிய உடைச்சு ஈயம் காய்ச்சுவாரு. சமையல் அடுப்புக்குப் பின்னாலேயே அந்த அடுப்பு. தகடு பிரிக்கிறது என் வேலை. அஞ்சு வயசுலேயே நான் எக்ஸ்பர்ட்லா! அடிக்கடி வயித்த வலிக்கும், அம்மா ஓமத்தண்ணி குடுப்பாங்க."

"அந்த ஈயத்த வித்துத்தான் இவன ஆளாக்கினோம்," என்றார் அம்மா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். செல்வராஜின் சாம்பிளை அன்று காலை நானேதான் பார்த்திருந்தேன். ஸ்லைடில் ஒரு விந்தணுகூட இல்லை. முதல் டெஸ்டிலும் அப்படித்தான். டாக்டர் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார்: இரண்டு முறையும் அணுவே இல்லை, இவருக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பு மிகக் குறைவு, மனைவியிடம் கோளாறு இல்லை, வளரும் வயதில் உடம்பில் சேர்ந்த ஈயம் காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது.

செல்வராஜைப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பக்கத்தில் பெற்ற தாய். அவர் முன்னால் அந்தப் பேச்சை எப்படி எடுப்பது?

"அணு கொஞ்சம் கம்மியாம் அண்ணே. சின்ன வயசுப் புகை ஒத்துக்கலையாம். உடம்பத் தேத்திக்கிட்டு அடுத்த மாசம் வரச் சொல்றாரு."

மூவரும் தலையாட்டினார்கள். டாக்டருக்குத் திருப்தி.

"கம்மிதானே? அப்ப இவ உடம்புதான் ஏத்துக்கல," என்று சொல்லிக்கொண்டே அம்மா எழுந்தார். நான் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.

அடுத்த மாதம் அவர்கள் வரவில்லை.

மூன்று வருடம் கழித்து செல்வராஜ் வந்தார். கூட வேறொரு பெண், கழுத்தில் புது மஞ்சள் கயிறு. லெட்சுமியைப் பற்றிக் கேட்டேன்.

"மார்சிலிங்ல அவங்க அப்பா வீட்ல. கோர்ட்ல முடிஞ்சிருச்சு தம்பி."

இந்த முறை டாக்டரிடம் முதலில் என் தப்பைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். பிறகு செல்வராஜிடம் சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்குக் கம்மின்னு சொன்னேன். கம்மி இல்ல. ஒண்ணுகூட இல்ல. டாக்டர் அப்பவே சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

"ஏன் தம்பி?"

"அம்மா இருந்தாங்க."

அவர் திட்டவில்லை. கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புது மனைவிதான் கேட்டார்: "அப்ப அந்த அக்காவுக்கு இது தெரியுமா?"

அந்தக் கேள்வியையும் டாக்டரிடம் அப்படியே சொன்னேன்.

செல்வராஜின் அனுமதி இல்லாமல் லெட்சுமிக்கு எதுவும் எழுதக் கூடாது. டாக்டர் ஒரு அனுமதித் தாளை நீட்டினார். செல்வராஜ் கையெழுத்துப் போட்டார். கடிதத்தைத் தமிழில் நானே எழுதினேன், ஒரு சொல்லையும் குறைக்காமல். பதில் வரவில்லை.

இப்போது லேபில் புதிதாகச் சேரும் தம்பிகளுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். ஃபாரத்தில் இப்போதைய வேலையை எழுதத்தான் இடம் உண்டு. வந்தவர் எங்கே வளர்ந்தார், அந்த வீட்டில் என்ன தொழில் என்பதையும் கேட்டு ஓரத்தில் எழுதுங்கள். மொழிபெயர்க்கக் கூப்பிட்டால் டாக்டர் சொன்னதை முழுதாகச் சொல்லுங்கள். பெரியவர்கள் முன்னால் கூச்சமாக இருந்தால், "அம்மா, கொஞ்சம் வெளியே உட்காருங்க" என்று கேளுங்கள். அன்று கேட்டிருந்தால் செல்வராஜின் அம்மா போய் உட்கார்ந்திருப்பார். நான் கேட்கவில்லை.